மணி அடிக்காமல் வந்தவள்

என் வீட்டில் இப்போதெல்லாம் நிம்மதியாக ஒரு தும்மல் போட முடிவதில்லை, தம்பி. மூக்கைச் சுளிப்பதற்குள் நாலு பேர் உள்ளே வந்து விழுகிறார்கள். ஒருத்தி கையில் தண்ணீர், ஒருத்தி கையில் துணி, ஒருவன் கையில் உலக்கை. அந்த உலக்கையால் யாரை அடிக்கப் போகிறானோ, அவனுக்கே தெரியாது. எல்லாம் புதிதாக வாங்கிய அடிமைகள். பழைய ஆட்களுக்கு இந்த வீட்டில் என்ன கதி ஆனது என்று சந்தையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். அதனால் நான் கொட்டாவி விட்டாலும் என்னைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி. முந்தாநாள் குளிக்கும்போது மெல்லப் பாடினேன். கதவை உடைத்துவிட்டார்கள்.

உட்காருங்கள் புல்சீனியஸ். மாநகரத் தலைவரின் உதவியாளர் என்றால் நாலு பேர் சுமக்கும் பல்லக்கில் வருவீர்கள் என்று நினைத்தேன். நீங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்திருக்கிறீர்கள். வழக்கு முடிந்தது, சாட்சியப் பொருள்களை ஒப்படைக்க வந்தேன் என்கிறீர்கள். சரி, வையுங்கள். என் வெள்ளிக் கண்ணாடி. முடி சுருட்டும் இரும்பு. கொண்டை ஊசி; கழுவிக் கொண்டுவந்திருக்கிறீர்கள், நல்ல பழக்கம். அப்புறம் இந்த மணி.

பொருளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசல் வரை போய்த் திரும்பி வந்தீர்கள். "தப்பா நினைக்காதீங்கம்மா. விசாரணையில எல்லாரும் மணி அடிக்கலை, மணி அடிக்கலைன்னே சொன்னாங்க. அப்ப அந்த மணி எங்கதான் இருந்துச்சு?" என்றீர்கள். உங்கள் மேலதிகாரிகள் அத்தனை பேருக்கும் தோன்றாத கேள்வி. அவர்கள் எனக்கு நாற்காலி போட்டார்கள், தேன் கலந்த திராட்சை ரசம் கொடுத்தார்கள், விதவைக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் பேசுகிறவள் இல்லை.

இந்த மணியை வாங்கியது என் கணவர் அல்பூசியஸ். அவருடைய தாத்தா துறைமுகத்தில் மீன் சாறு விற்றவர். நாலு தெரு தள்ளி வரும்போதே மனிதர் வருவது தெரியுமாம். பேரனுக்கு அந்த வாடையை எப்படியாவது கழுவிவிட வேண்டும். ஒரு பிரபு வீட்டு விருந்துக்குப் போனார். அங்கே அடிமைகள் வாயே திறக்காமல், எஜமானர் விரல் சொடுக்கினால் மட்டும் அசைவதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் இவரும் சொடுக்கினார். மீன் சாற்றுப் பரம்பரை, விரல் வழுக்கியது. சத்தம் வரவில்லை. மறுநாள் இந்த மணி வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். மணி அடித்தால் வர வேண்டும். அடிக்காவிட்டால் வரக் கூடாது. "வீடு பத்தி எரிஞ்சாலும் மணி அடிக்காம எவனும் உள்ள கால் வைக்கக் கூடாது," என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னார் என்றுதான் விளக்குக்காரன் ஹிலாரஸ் நினைத்துவிட்டான். ஒருநாள் விருந்தின் நடுவே விளக்கு சரிந்து மெத்தையில் தீப்பிடித்தது. அவன் ஓடி வந்து வெறுங்காலால் மிதித்து அணைத்தான். விருந்தாளிகள் கைதட்டினார்கள். அவர்கள் போன பிறகு அல்பூசியஸ் அவனைத் தூணில் கட்டவைத்தார். "மணி அடிச்சிருந்தா அப்பவும் அணைச்சிருக்கலாமேடா, என்ன அவசரம்?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டார். மற்ற எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பற்றி ஊரே பேசியது. பிரபு வீடுகளிலிருந்து ஆள் அனுப்பி, எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார்கள். அல்பூசியஸுக்குத் தலைகால் புரியவில்லை.

நான் அதில் தலையிடவில்லை. நான் யாரையும் அடித்ததும் இல்லை, அடிக்கச் சொன்னதும் இல்லை. என் கூந்தல்காரி சோதேரிஸைக் கேட்டுப் பாருங்கள். இப்போது சிறையில் இருக்கிறாள், ஆனாலும் கேட்டால் அதைத்தான் சொல்வாள்.

சோதேரிஸ் என்றால் கிரேக்கத்தில் காப்பவள் என்று பொருள். சந்தையில் வாங்கும்போதே அந்தப் பெயர் இருந்தது. எங்கள் வாசல்காரன் பெயர் பெலிக்ஸ், அதிர்ஷ்டக்காரன். ஹிலாரஸ் என்றால் சிரித்த முகத்தான். இந்த ஊரில் சந்தோஷமான பெயர்களெல்லாம் அடிமைகளுக்குத்தான் வைக்கிறோம். பெயராவது நன்றாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். அவளுக்குக் கை அப்படி ஒரு கை. என் தலையில் உள்ளது பாதி என் முடி, பாதி ஜெர்மானியச் சிறைக்கைதியின் முடி. எது எது என்று எனக்கே தெரியாதபடி பின்னுவாள். நெற்றிக்கு மேலே சுருள் சுருளாக அடுக்கிக் கோபுரம் எழுப்பி, அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அதில் தெரிகிறவள் மீன் சாற்றுக்காரர் வீட்டு மருமகள் இல்லை. அதை அவள் ஒருத்திதான் எனக்குச் செய்தாள். பெற்ற மகளிடம் இருக்கும் பாசம் எனக்கு அவளிடம் இருந்தது.

அவளுக்கும் ஒரு மகள் உண்டு, நெப்ரிஸ். வாயாடிக் குழந்தை. கல்வீனா அம்மாளின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது என்ன பரிசு கொடுப்பது என்று தவித்துப் போனோம். வெள்ளித் தட்டு எல்லோரும் கொடுப்பார்கள். விளக்குப் பிடித்து நிற்க நெப்ரிஸ் அழகாக இருப்பாள் என்று எனக்குத்தான் தோன்றியது. கழுத்தில் மாலை போட்டுக் கல்வீனாவின் வீட்டுக்கே அனுப்பினேன். எல்லோரும் பாராட்டினார்கள். சோதேரிஸ் அழவே இல்லை. அன்றைக்குக் கொண்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் கல்வீனாவும் அவள் கணவரும் விருந்துக்கு வந்தார்கள். அந்தக் கணவர் மனசு வைத்தால் அல்பூசியஸுக்கு ஏதோ ஒரு பதவி கிடைக்கும் என்று பேச்சு. நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் யோக்கியதை வேண்டுமானால் அவர்கள் கொண்டுவரும் கைத்துணியைப் பாருங்கள், தம்பி. வரும்போது மடித்து இடுப்பில் செருகுகிற அளவில் இருக்கும். போகும்போது அதற்குள் வறுத்த பன்றியும் அத்திப்பழமும் ஏறி, தூக்க ஓர் அடிமை வேண்டியிருக்கும். கல்வீனா அன்று துணியை நிரப்பி முடிச்சுப் போட்டுவிட்டு, இன்னும் எடுத்துப் போக என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தாள். அவள் கண் என் தலையில் வந்து நின்றது.

"இந்தக் கொண்டை யாரு போட்டது ஓப்பியா? ஏதோ கோயில் கோபுரம் மாதிரி நிக்குதே," என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் வாயில் இருந்த சிப்பியை விழுங்கிவிட்டு, "புடிச்சிருக்கா? நாளைக்குச் சாயங்காலம் உங்க வீட்ல இருப்பா," என்றார். உப்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துங்கள் என்பது போலத்தான் சொன்னார். சோதேரிஸ் சுவரோரம் என் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் சட்டென்று சிவந்ததைப் பார்த்தேன். ஜுரமோ என்று பயந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் தன் எலும்புச் சீப்பையும் இன்னொரு மேலாடையையும் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். என்னைப் பிரியும் துக்கத்தில் இருப்பவர்கள் சிலர் அப்படிப் பாடுவார்கள். எனக்கு மனசு தாங்கவில்லை. மதியம் கழிந்து என் அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். அன்று மாலையும் வீட்டில் விருந்து. கடைசியாக ஒருமுறை அந்தக் கோபுரத்தைக் கட்டிவிட்டு அவள் போக வேண்டும் என்று ஏற்பாடு. இரும்பு ஆறிவிட்டது என்று அடுப்பங்கரைக்குச் சூடேற்றப் போனாள். அந்த நேரத்தில் அல்பூசியஸ் வந்து என் சாய்மெத்தையில் சாய்ந்தார். மணியையும் கூடவே எடுத்து வந்து பக்கத்து மேஜை மேல் வைத்தார். அது இல்லாமல் அவர் கழிப்பறைக்குக்கூடப் போவதில்லை.

"அவளை அனுப்பாதீங்க," என்றேன்.

"வாக்குக் குடுத்துட்டேன் ஓப்பியா. இங்க பாரு, தலை வார ஊர்ல ஆளா இல்ல?"

"இவளை மாதிரி இல்ல."

"அவ புள்ளை அங்கதான இருக்கு. அவளும் சந்தோஷமாத்தான் போறா. காலையில என் கையைப் புடிச்சு முத்தம் குடுத்தா தெரியுமா?"

அவர் தன் வாழ்நாளில் ஓர் அடிமையின் மனசைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். அதுவும் என் வாயை அடைப்பதற்காக. என்னிடம் இல்லாத சந்தோஷம் அவளுக்கு அங்கே என்ன கிடைத்துவிடும்? எனக்கு எரிச்சல் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். அவர் இருந்தால் சாயங்காலம் அவள் போய்விடுவாள். அவர் இல்லாவிட்டால் யார் கொடுத்த வாக்கு, யாருக்குக் கொடுத்த வாக்கு? துக்க வீட்டிலிருந்து ஆளை அனுப்பு என்று கல்வீனாவால்கூடக் கேட்க முடியாது. இதில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கொண்டை போடும்போது ஊசி எப்போதும் என் கையில்தான் இருக்கும். அவள் கேட்டால் நீட்டுவேன். அன்று அவளுக்கு நீட்டவில்லை.

அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், கழுத்து வசதியாக இருந்தது. மறு கையால் மணியை எடுத்து என் மடியில் வைத்து, அதன் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான், தம்பி. மணி என் மடியில் இருந்தது.

அவர் கத்தினார். நன்றாகத்தான் கத்தினார், மீன் சந்தைக் குரல், தலைமுறை தாண்டியும் போகவில்லை. "பெலிக்ஸ்! ஹிலாரஸ்!" என்று பெயர் பெயராகக் கூப்பிட்டார். திரைச்சீலைக்குக் கீழே பாதங்கள் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. சமையல்காரனின் மாவு படிந்த கால்கள். தோட்டக்காரனின் சேற்றுக் கால்கள். எல்லோரும் ஓடித்தான் வந்தார்கள், வந்து திரைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். தீயில் வெந்த ஹிலாரஸின் பாதம் ஒன்று திரைக்கு உள்ளே ஒரு விரற்கடை வந்தது. பிறகு பின்னால் போய்விட்டது. யாரோ ஒருத்தி தாழ்ந்த குரலில், "மணி அடிக்கலையே, மணி அடிக்கலையே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அல்பூசியஸ் கையை நீட்டி மேஜை மேல் மணியைத் தேடினார். அவ்வளவு அருமையாகப் பழக்கப்பட்ட வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் அவருக்கும் அது பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

சோதேரிஸ் மட்டும் வந்தாள். அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து, திரையைக் கிழித்துக்கொண்டு, கையில் சூடான இரும்போடு உள்ளே வந்தாள். இரும்பைப் போட்டுவிட்டு முழங்காலிட்டு, தன் மேலாடையைச் சுருட்டி அவர் கழுத்தில் வைத்து அழுத்தினாள். அவளுக்கு எதிலும் கை சுத்தம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைக்க வைத்திருப்பாள் போலிருந்தது.

"சாகாதீங்க ஐயா," என்றாள். "சாயங்காலம் வரைக்கும் தாங்குங்க. சாயங்காலம் வரைக்கும் மட்டும் உயிரோட இருங்க ஐயா."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாலையில் விருந்தாளிகள் வருகிறார்கள், சிப்பிகள் வந்து இறங்கிவிட்டன, மெத்தைகள் விரித்தாகிவிட்டது. அந்த நிலைமையிலும் என் விருந்து கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை. அப்படி ஒரு விசுவாசம்.

அவர் அடங்கினார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள். நான் மணியை அடித்தேன். அடித்த மாத்திரத்தில் எல்லோரும் உள்ளே வந்து வரிசையில் நின்றார்கள். வந்தவர்கள் கண்டது கையெல்லாம் ரத்தமாக இருந்த சோதேரிஸை.

நான் பொய் சொல்லவில்லை என்று முதலிலேயே சொன்னேன். உங்கள் ஆட்கள் வந்தபோது, "கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உள்ளே வந்தவள் இவள்," என்றேன். இரண்டும் உண்மை. மிச்சத்தை நீங்கள்தான் கட்டினீர்கள். எஜமானன் கொல்லப்பட்டால் அதே கூரையின் கீழ், குரல் கேட்கும் தூரத்தில் இருந்தும் காப்பாற்றாத அடிமைகள் அத்தனை பேரும் சாக வேண்டும் என்று சட்டம் எழுதியது நான் இல்லை. அடிமையின் வாய் சித்திரவதையில் மட்டுமே உண்மை பேசும் என்று கண்டுபிடித்ததும் நான் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கட்டித் தொங்கவிட்டுக் கேட்டீர்கள். எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். தனித்தனியாகக் கேட்டும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, அப்படியானால் முன்பே கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று தீர்ப்பானது. பத்து பேர் பத்து விதமாக உளறியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்கள்.

சோதேரிஸ் என் பெயரைச் சொன்னாளாம். உங்கள் மேலதிகாரி என் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். "அடிமை வாய் பாருங்கம்மா, உப்பு போட்ட எஜமானி பேரையே சொல்லுது. மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. வலியில் யாரும் எதையும் சொல்வார்கள்.

மற்றவர்களை எஸ்குவிலின் வாசலுக்கு வெளியே கொலைக்களத்தில் ஒரே நாளில் சிலுவையில் ஏற்றி முடித்துவிட்டீர்கள். நான் அந்த வழியாகப் பல்லக்கில் போக வேண்டியிருந்தது, திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஹிலாரஸின் குரல் மாதிரி ஏதோ கேட்டது. அவன் பெயருக்கு ஏற்றபடி நான் அவனைச் சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை. சோதேரிஸை மட்டும் அப்பொலோ விழாவில் கூட்டத்துக்கு நடுவே சிறுத்தைகளிடம் விடுவது என்று வைத்திருக்கிறீர்கள். ஊருக்கு ஒரு பாடமாக இருக்கும் என்கிறார் மாநகரத் தலைவர். சொல்லப்போனால் ஊர் ஏற்கெனவே படித்துவிட்டது. என் தும்மலைக் கேளுங்கள்.

உங்கள் முகம் ஏன் இப்படி வெளுத்துவிட்டது? மடியில் மெழுகு பூசிய எழுதுபலகையை விரித்து வைத்திருக்கிறீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மணி என்று ஒரு வார்த்தை எழுதினீர்கள், மடி என்று ஒரு வார்த்தை எழுதினீர்கள். எழுதுகோலின் ஒரு முனை கூர், மறு முனை தட்டை. நம் முன்னோர் அறிவாளிகள். எழுதியதைத் தேய்த்து அழிப்பதற்கும் அதே கோலில் வழி வைத்தார்கள். நீங்கள் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும்? ஒரு வீடு முழுக்கக் குற்றமில்லாதவர்களைக் கொன்றோம் என்று மாநகரத் தலைவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார். இறக்கிப் புதைத்தவர்களைத் திரும்ப ஏற்றி விசாரிக்க முடியாது. இன்று சாயங்காலத்துக்குள் நீங்களே தட்டை முனையைத் திருப்பிப் பிடிப்பீர்கள். பயந்து அல்ல, வேலை அப்படி.

வருத்தம் இல்லையா என்று கேட்க வாய் எடுத்தீர்கள், கேட்கவில்லை. இருக்கிறது. யாரை என்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவும் செய்தேனோ, அவளே என்னிடம் இல்லை. இது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புதிதாக வந்திருப்பவளுக்கு ஒரு சுருள்கூட நிற்பதில்லை. ஊசியை என் கையில் கண்டாலே இரண்டு அடி பின்னால் போகிறாள். இந்தத் தலையைப் பாருங்கள், காக்காய்க் கூடு.

அதனால் ஒரே ஓர் உதவி, தம்பி. விழாவுக்கு நானும் போக வேண்டும். கணவனைக் கொன்றவளின் முடிவைப் பார்க்க விதவை வராவிட்டால் ஊர் தப்பாகப் பேசும். பெண்களுக்கு மேல் வரிசைதான் கொடுக்கிறார்கள். அங்கே இருந்து பார்த்தால் கீழே இருப்பவர்களின் முகம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கொண்டை மட்டும்தான் தெரியும். பக்கத்தில் கல்வீனா உட்காருவாள். விளக்குப் பிடிக்கும் நெப்ரிஸையும் குடைக்காகக் கூட்டி வருவாள்.

அன்று காலையில் சிறையிலிருந்து சோதேரிஸை ஒரு மணி நேரம் இங்கே அனுப்பி வையுங்கள். சிறுத்தைகளுக்கு மதியத்துக்கு மேல்தானே முறை. சங்கிலியோடு வந்தாலும் பரவாயில்லை, கை மட்டும் கழற்றிவிட்டால் போதும். அவள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். இந்த மணியைக்கூட நான் அடிக்க வேண்டியதில்லை. எனக்கு ஒன்று என்றால் அவள்தானே ஓடி வந்தாள்.